மஹ்மூதா பார்த்திராத ஆறு

தம்பி,

நீ ரயிலேறிப் போன மறுநாளே எழுத உட்கார்ந்தேன். கண் இடம் கொடுக்கவில்லை. இப்போதெல்லாம் வெயில் நன்றாக ஏறிய பிறகு, ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டால்தான் எனக்கு எழுத்து தெரிகிறது. அதனால் இதை ஒரே மூச்சில் எழுதவில்லை. வரி கோணினால், அங்கே நிறுத்திவிட்டு மறுநாள் தொடர்ந்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்.

நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக நம் தேசத்தைப் பற்றி நீ எழுதிக்கொண்டிருக்கும் பாடப் புத்தகத்தின் தாள்களை என்னிடம் விட்டுப் போனாய். எல்லாவற்றையும் படித்தேன். இமயமலை, கங்கை, பருவக்காற்று, அசோகர், அக்பர், கும்பினியார் வந்த கதை, எந்த மண்ணில் என்ன விளையும், எந்தக் காட்டில் என்ன மிருகம் திரியும், எல்லாம் இருக்கிறது. நானும் இந்த ஊரில் முப்பது வருஷம் பூகோளம் சொல்லிக் கொடுத்தவள்தான். பிழை ஒன்றும் எனக்குத் தட்டுப்படவில்லை. நம் ஜில்லாவுக்கு வரும்போது, வேலூர்க் கோட்டையையும் அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததையும் சொல்லிவிட்டு, நீ மூன்று வாக்கியம் எழுதியிருக்கிறாய். பாலாறு மைசூர்ச் சீமையில் நந்தி மலைப் பக்கம் பிறந்து நம் ஜில்லா வழியாகக் கடலுக்குப் போகிறது, வருஷத்தில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் என்பது ஒன்று. ஆம்பூர், வாணியம்பாடி ஊர்களில் தோல் பதனிடும் தொழில் பெருத்து நடக்கிறது என்பது இன்னொன்று. இங்குள்ள முகமதியக் குடும்பத்துப் பெண்கள் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் கோஷா இருப்பவர்கள் என்பது மூன்றாவது. மூன்றும் மெய். அவை மூன்றும் ஒரே நாளில், ஒரே தெருவில் ஒன்றோடொன்று மோதியதை நான் பார்த்திருக்கிறேன். நீ அப்போது பிறக்கவில்லை. உன் அப்பா இருந்தவரை இதைப் பற்றி வீட்டில் பேச்சே எழாது. அன்று அவர் பார்த்தவற்றை வாயால் மறுபடி சொல்ல அவருக்கு மனம் வந்ததில்லை. இனி நான் சொல்லாவிட்டால் உனக்குச் சொல்ல ஆள் இல்லை.

அப்போது எனக்குக் கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. உன் அப்பா ஆம்பூர் ஸ்டேஷனில் தந்தி சிக்னலர். நான் ஸ்டேஷன் மேட்டில் இருந்த எங்கள் கிறிஸ்தவ சபைப் பள்ளிக்கூடத்தில் காலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவிட்டு, அதன் பிறகு ஆற்றங்கரைத் தெருவுக்குப் போவேன். அங்கே தோல் வியாபாரிகளின் வீடுகளில் பெண்களுக்குப் படிப்பு சொல்லிக் கொடுக்கும் வேலையும் எனக்கு இருந்தது. அந்த வீடுகளுக்குள் வேற்று ஆண் யாரும் நுழைய முடியாது. பெண்களும் வெளியே வருவதில்லை. கல்யாணம், சாவு என்றால் வாசலை ஒட்டி ஜட்கா வண்டியை நிறுத்தி, திரை கட்டி, அதில் ஏறிப் போய் அதே மாதிரி திரும்பி வருவார்கள். தெருவில் நடப்பதென்பது கிடையாது.

நான் அதிகம் போனது ரஹீம் சாயபு வீட்டுக்கு. வீட்டுக்குப் பின்னால் தோல் பதனிடும் இடம், அவருடைய தோல் ஷாப்பு; சுண்ணாம்புக் குழிகளும் ஆவாரம்பட்டைத் தொட்டிகளும் வரிசையாக இருக்கும். அதற்குப் பின்னால் ஆறு. சாயபுவின் சம்சாரம் ஹாஜிராபீ நாற்பது வயதைத் தொட்டவள். அந்த வீட்டில் அவள் சொல்தான் சட்டம். மருமகள் மஹ்மூதா பதினெட்டுப் பத்தொன்பது வயதுப் பெண். படிப்பு அவளுக்குத்தான். ஹாஜிராபீ பாக்கு வெட்டியபடி, கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டிருப்பாள். என்னை இருவரும் உஸ்தானி என்று கூப்பிடுவார்கள். டீச்சர் என்பதற்கு அவர்கள் பாஷையில் அப்படித்தான். ஒரு நாள் கூடத்துத் தரையில் சாக்கட்டியால் நம் சீமையின் படத்தை வரைந்தேன். நந்தி மலையில் தொடங்கி, வளைந்து இறங்கி, வாணியம்பாடி, ஆம்பூர், விரிஞ்சிபுரம், வேலூர், ஆற்காடு வழியாகக் கடல் வரைக்கும் ஒரு கோடு. இதுதான் பாலாறு என்றேன். மஹ்மூதா வெகு நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நம்ம வூடு எங்க இருக்குது என்று கேட்டாள். கோட்டின் ஓரமாக ஒரு புள்ளி வைத்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடும் ஆற்றை அவள் கண்ணால் பார்த்ததே இல்லை. ஹாஜிராபீயும் பார்த்ததில்லை.

நான் சொல்ல வந்த அந்த நாளில் வானம் மூட்டமாக இருந்தது. நாலைந்து நாளாகத் தூறல்தான். நம் பக்கம் பெரிய மழை என்று சொல்ல ஒன்றுமில்லை. நான் பள்ளிக்கூடத்தில் வருகை எடுத்துக்கொண்டிருந்தேன். டியூட்டி நேரத்தில் ஸ்டேஷனை விட்டு நகராத உன் அப்பா, தலையில் தொப்பிகூட இல்லாமல் வாசலில் வந்து நின்றார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"மேல கோலார் பக்கம் ஏரி ஒடைஞ்சிடுச்சு. ஒண்ணு இல்ல. ஒண்ணு ஒடைஞ்சு, அந்தத் தண்ணி கீழ இருக்கறத ஒடைச்சு, வரிசையா வருது. தந்தி மேல தந்தி வந்துட்டிருந்தது. இப்ப அந்தப் பக்கத்துக் கம்பியே பேசல. புள்ளைங்களை வீட்டுக்கு அனுப்பாத. இங்கயே வச்சுக்கோ."

பிள்ளைகளை இன்னொரு டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு நான் குடையை எடுத்தேன். எங்கே என்று கேட்டார். ஹாஜிராபீ வூட்டுக்கு என்றேன். ஒரு கணம் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பாலத்துக்கு ஆள் அனுப்ப வேண்டும், மேற்கே போகிற வண்டியை நிறுத்த வேண்டும் என்று திரும்பி ஓடினார். மறுபடி அவரைக் கண்ணால் காணும்வரை அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே எனக்குத் தெரியாது.

ஆற்றங்கரைக்கு வந்தபோது ஆறு எப்போதும் போல மணலாகத்தான் கிடந்தது. சேரிப் பெண்கள் ஊற்றுத் தோண்டிக் குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் ஆடுகள். தண்டோராக்காரன் ஏற்கெனவே தெருவில் சொல்லிப் போயிருந்தான். சிலர் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் மேட்டுக்குக் கிளம்பியிருந்தார்கள். பலர் வானத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். இந்தத் தூறலுக்கு வெள்ளமா என்று ஒரு கிழவர் என்னையே கேட்டார். மழை பெய்த இடம் வேறு, தண்ணீர் வரும் இடம் வேறு என்பதை நின்று விளக்க எனக்கு நேரமில்லை.

ரஹீம் சாயபுவும் மகனும் சரக்கு விற்க மெட்ராஸில் பெரியமேட்டுக்குப் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. வீட்டில் ஹாஜிராபீயும் மஹ்மூதாவும் ஒரு வேலைக்காரப் பெண்ணும்தான். மஹ்மூதாவுக்கு அப்போது நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் மூச்சு வாங்கச் சொன்னதை ஹாஜிராபீ பாக்குவெட்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"இந்த ஆத்துல தண்ணியா? நிக்காஹ் ஆகி வந்த நாளா இந்தச் சுவத்துக்குப் பின்னாடி காது குடுத்துக்கினு இருக்கேன் உஸ்தானி. தோல் அலசற சத்தம் வரும், கழுதை கத்தும். தண்ணி சத்தம் பெருசா ஒரு நாளும் வந்ததில்ல."

ஆனாலும் அவள் புத்திசாலி. வேலைக்காரப் பெண்ணை அனுப்பி ஜட்காவுக்குச் சொல்லச் சொன்னாள். அந்தப் பெண் திரும்பி வந்து, ஊரில் ஒரு ஜட்காகூட இல்லை, எல்லாம் மண்டிக்காரர்கள் சரக்கேற்றப் பிடித்துப் போய்விட்டார்கள் என்றாள். ஹாஜிராபீ அதைக் கேட்டு எழுந்து, கூடத்தை ஒரு நடை நடந்து திரும்பினாள்.

"அப்ப நக்கோ, வேணாம். மாடி இருக்கு, மாடில ஒக்காந்துக்கறோம். அல்லா பாத்துக்குவான்."

மாடி மண்சுவரின் மேல் நிற்கிறது, தண்ணீர் தேங்கினால் சுவர் கரைந்துவிடும் என்றேன். போர்வையைச் சுற்றிக்கொண்டு நடந்தால் ரயில் மேடு எட்டும் தூரம்தான் என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், கோபமும் இல்லாமல் சொன்னாள். "அவரு மெட்ராஸ்ல இருக்காரு. தெரு முழுக்க ஆம்பளைங்க. நாளைக்கு வந்து கேட்டா நான் இன்னா சொல்லுவேன், உஸ்தானி கூப்பிட்டாங்க, நடந்து போனேன்னா?"

அவள் சொன்னதில் பயம் எவ்வளவு, மானம் எவ்வளவு என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. தம்பி, கோஷா இருப்பவர்கள் என்று நீ எழுதியிருக்கிறாயே, அந்த ஒரு சொல்லுக்குள் இதுவும் அடக்கம். அவளை அறியாமை பிடித்தவள் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தன் வீட்டுப் பெயரைத் தன் உடம்பால் காப்பதாக நினைத்து இருபத்தைந்து வருஷம் வாழ்ந்தவள் அவள். அந்த இருபத்தைந்து வருஷத்தையும் ஒரு காலை வேளையில் வாசலில் வைத்துவிட்டு வா என்று நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அப்போது மஹ்மூதா பேசினாள். மாமியார் முன்னால் அவள் அதிகம் வாய் திறந்து நான் கண்டதில்லை.

"உஸ்தானி, அந்த ஏரிங்க ஒடைஞ்ச எடம், நீங்க வரைஞ்சீங்களே கோடு, அந்தக் கோட்டுக்கு மேலயா இருக்குது?"

ஆமாம் என்றேன்.

"தண்ணி வேற பக்கம் திரும்பறதுக்கு நடுவுல இன்னொரு கோடு எதுனா இருக்கா?"

இல்லை என்றேன். அவள் உள்ளே போய், படுக்கையில் கிடந்த போர்வையை எடுத்துத் தலையோடு சுற்றிக்கொண்டு வந்தாள். நான் போறேன் அம்மீ என்றாள். ஹாஜிராபீ நடைக்கு வந்து கதவின் குறுக்கே நின்றாள். கை ஓங்கவில்லை, சத்தம் போடவில்லை. "வாசப்படி தாண்டினா," என்று தொடங்கி, மஹ்மூதாவின் வயிற்றைப் பார்த்து, மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள். மருமகளும் நகரவில்லை, மாமியாரும் விலகவில்லை. அவர்களை அப்படியே விட்டுவிட்டு நான் பக்கவழியாகத் தோல் ஷாப்புக்கு ஓடினேன்.

அங்கே மேஸ்திரி முனுசாமியும் ஆட்களும் குழிகளிலிருந்து தோல்களை இழுத்து மேட்டில் எறிந்துகொண்டிருந்தார்கள். முனுசாமி தன் பெண்டாட்டி பிள்ளைகளை அப்போதே ரயில் மேட்டுக்கு அனுப்பியிருந்தான். ஆவாரம்பட்டைக் குவியல் மழையில் நனையாமல் இருக்க அதன் மேல் பெரிய கித்தான் ஒன்று போர்த்தியிருந்தது. நான் அதைக் காட்டிக் கேட்டேன். நாலு பக்கமும் ஆட்கள் உயர்த்திப் பிடித்து, திரை மாதிரி செய்து, பெண்களை நடுவில் நடத்திக் கூட்டிப் போக முடியுமா என்று.  முனுசாமி கைச் சுண்ணாம்பை வேட்டியில் துடைத்தான்.

"டீச்சரம்மா, அந்த வூட்டு முன்வாசல்ல நாங்க நின்னதே இல்ல. சாயபு வந்து, யாரைக் கேட்டுப் போனீங்கன்னா, எங்க பொழப்பு போச்சு."

எனக்கும் தெரியும் என்றேன்.  அவன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தான். கித்தானைப் பிரிங்கடா என்றான். பிறகு ஒன்று சொன்னான்: "முதுகு காட்டிக்கினு நடப்போம். ஒருத்தனும் திரும்பக் கூடாது. கால்ல முள்ளு குத்தினாலும் திரும்பக் கூடாது."

வீட்டு வாசலில் கித்தானைச் சுவர் போல நிறுத்தினார்கள். ஆட்கள் வெளிப்பக்கம் பார்த்து நின்று, கைகளைப் பின்னால் கொடுத்துப் பிடித்துக்கொண்டார்கள். நான் கதவைத் தட்டி, இடுக்கு வழியாகப் பாருங்கள் என்றேன். ஹாஜிராபீ பார்த்தாள். அவளுக்குத் தெரிந்தது கித்தானும் சில முதுகுகளும்தான். அப்போதும் அவள் கதவைத் திறக்கவில்லை. திடீரென்று உள்ளிருந்தே அதட்டி எங்கள் எல்லோரையும் சும்மா இருக்கச் சொன்னாள். முதலில் என் காதில் ஒன்றும் விழவில்லை. பிறகு எனக்கும் கேட்டது. வெகு தூரத்தில், மேற்கே, கனத்த ஓர் இரைச்சல். மெயில் வருகிறது என்று கித்தான் பிடித்திருந்தவர்களில் ஒருவன் சொன்னான்.

"இது ரயிலு இல்ல," என்றாள் ஹாஜிராபீ. இருபத்தைந்து வருஷமாகச் சுவருக்குள் உட்கார்ந்து ஊரைக் காதால் மட்டுமே அறிந்தவள் அவள். எந்த வண்டி எப்போது வரும், எப்படி வரும் என்று அவளுக்குத் தெரியும். அடுத்த கணம் தாழ்ப்பாளை நீக்கினாள். மஹ்மூதாவின் கையைத் தானே பிடித்து இழுத்துக்கொண்டு படி இறங்கினாள். வேலைக்காரப் பெண்ணும் பின்னாலேயே வந்தாள்.

அந்த நடையை எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். தெருமுனை வருவதற்குள் பின்சந்துகள் வழியாகத் தண்ணீர் வந்துவிட்டது. தோல் ஷாப்புக் குழிகளைக் கலக்கிக்கொண்டு, சுண்ணாம்பும் பட்டையும் மயிரும் மிதக்க, பழுப்பாக வந்தது. முதலில் கணுக்கால். பிறகு, நாங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள், முழங்கால். கித்தான் நனைந்து ஈயம் மாதிரி கனத்தது. பக்கத்திலும் பின்னாலும் பிடித்திருந்தவர்களுக்கு வழி தெரியாது, நாங்கள் எங்கே வருகிறோம் என்றும் தெரியாது. முனுசாமி ஒருவன்தான் முன்னே போய்க்கொண்டு, பள்ளம், மேடு, இடது பக்கம் என்று குரல் கொடுத்தான். மஹ்மூதா ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, ஒரு கையால் என் தோளைப் பிடித்திருந்தாள். அவள் விரல்கள் அழுந்திய இடம் மறுநாள் கன்றிப் போயிருந்தது. வழியில் பின்மூலையைப் பிடித்திருந்தவன் கால் தடுக்கி முட்டி போட்டு விழுந்தான். கித்தானின் மூலை தண்ணீரில் போய்விட்டது. திறந்த வெளியில் பெண்கள் நின்றார்கள். அவன் எழுந்தான், திரும்பவில்லை. முகத்தைத் தெருப்பக்கமே வைத்துக்கொண்டு, பின்னால் கையை நீட்டித் தண்ணீரில் துழாவினான். கித்தான் அவனுக்கு அகப்படவில்லை. ஹாஜிராபீ குனிந்து அந்த மூலையை எடுத்து அவன் கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள். நாங்கள் நடந்தோம்.

ரயில் மேட்டின் சரிவில் ஏறும்போது தண்ணீர் எங்கள் பின்னால் ஏறிக்கொண்டே வந்தது. மேலே கித்தானைத் தந்திக் கம்பத்தில் கட்டிப் பெண்களுக்கு மறைப்புச் செய்தார்கள். அதற்குப் பிறகுதான் நான் திரும்பி ஊரைப் பார்த்தேன். ஆறு என்று ஒரு தனி இடம் இல்லை. அக்கரை மாமரத் தோப்பு வரை ஒரே தண்ணீர். கூரைகள் முழுசாக, கோழி உட்கார்ந்தபடி, போய்க்கொண்டிருந்தன. மாடுகள் தலையை மட்டும் தூக்கிக்கொண்டு போயின. தோல் கட்டுகள் உருண்டன. வேறு என்னவெல்லாம் போயின என்பதை எழுத எனக்கும் மனம் வரவில்லை. உன் அப்பா பேசாமல் இருந்தது சரிதான். ரஹீம் சாயபு வீடு சத்தமே இல்லாமல் உட்கார்ந்தது. முதலில் மாடி, பிறகு சுவர். அந்தச் செய்தியை நான் உள்ளே சொன்னபோது ஹாஜிராபீ முகத்தை மூடிக்கொண்டாள். மஹ்மூதா, நான் பாக்கணும் என்றாள். கித்தானின் ஓரத்தை ஒரு கை அகலத்துக்கு விலக்கிக் காட்டினேன். வெகு நேரம் பார்த்தாள்.

"இவ்ளோ அகலமா நீங்க வரையலியே உஸ்தானி," என்றாள்.

அன்று சாயங்காலம் பெண்களைப் பள்ளிக்கூடத்து அறையில் கொண்டு சேர்த்த பிறகுதான் உன் அப்பாவைப் பார்த்தேன். மேற்கே போகும் வண்டியைப் பாலத்துக்கு இப்பாலே நிறுத்தியிருந்தார்கள். அவர் இடுப்புவரை சேறாக, கையில் கயிறோடு வந்தார். எத்தனை பேரை அந்தக் கயிற்றால் இழுத்தார், எத்தனை பேரை இழுக்க முடியாமல் விட்டார் என்று நான் கேட்கவில்லை. சேரியில் பாதிக் குடிசைகளில் ஆள் மிஞ்சவில்லை. கித்தானின் பின்மூலையைப் பிடித்து வந்தவன் பெயர் சின்னப்பன். எங்களை மேட்டில் விட்டுவிட்டு, தன் ஜோடி மாட்டை அவிழ்த்துவிட வேண்டும் என்று இறங்கிப் போனான். முனுசாமி தடுத்தும் கேட்கவில்லை. அவன் உடல் விரிஞ்சிபுரத்துக்கு இப்பால் ஒரு நாணல் புதரில் கிடைத்தது.

மூன்றாம் நாள் ரஹீம் சாயபு வந்தார். பாதை அறுந்து வண்டிகள் நின்றுவிட்டதால் வேலூர்ப் பக்கத்திலிருந்து தண்டவாளத்தோடு நடந்தே வந்திருந்தார். முதலில் ஆற்றங்கரைக்குப் போய் வீடு இருந்த இடத்தைப் பார்த்தாராம். பெண்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று உன் அப்பாதான் சொல்லிக் கூட்டி வந்தார். அவருக்கு முன்பே தெருப் பெரியவர்கள் சிலர் பள்ளிக்கூடத்து முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். சாயபு வீட்டுப் பெண்கள் தோல் ஷாப்பு ஆட்களோடு தெருவில் நடந்து வந்தார்கள் என்ற பேச்சு இரண்டு நாளாக ஊரில் சுற்றிக்கொண்டிருந்தது. முனுசாமியையும் வரவழைத்திருந்தார்கள். அவன் வேலியோரம் தலை குனிந்து நின்றான்.  நான் வற்புறுத்திக் கூட்டி வந்தேன் என்று ஹாஜிராபீ ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தத் தெருவில் ஒரு கதவும் எனக்கு இனித் திறக்காது, முனுசாமிக்கும் அவன் ஆட்களுக்கும் அந்த ஊரில் வேலை இருக்காது. அப்படிச் சொன்னாலும் அது பொய் ஆகாது.

என்ன நடந்தது என்று பெரியவர் ஒருவர் முனுசாமியைக் கேட்டார். கித்தானை நாங்க புடிச்சோம், யாரும் திரும்பல என்றான்.  சாயபு சாத்தியிருந்த கதவருகே போய் நின்றார். அழுது ஓய்ந்த முகம் அவருக்கு. ஆனால் நாலு பேர் பார்க்க நிற்கிறபோது மனிதர்களுக்கு வேறு குரல் வந்துவிடுகிறது.

"யாரு சொல்லி வெளிய வந்தீங்க?" என்று கேட்டார்.

 மஹ்மூதா வாயைத் திறக்கப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் கதவுக்கு உள்பக்கம் நின்று இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹாஜிராபீ அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"நான் சொன்னேன்," என்றாள், வெளியே எல்லோருக்கும் கேட்கும்படி. "என் காதால கேட்டேன், வந்தேன். மருமவளை நான்தான் கூட்டிக்கினு வந்தேன். நீங்க இருந்திருந்தா நீங்களும் அதான் சொல்லியிருப்பீங்க."

 சாயபு கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.  பிறகு பெரியவர்கள் பக்கம் திரும்பி, எங்க வூட்டுக்கு நான் பதில் சொல்லிக்கறேன், நீங்க போங்க என்றார். அவர்கள் போன பிறகு முனுசாமியிடம் வந்து, உன் வூட்ல எல்லாரும் இருக்காங்களா என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றவன், சின்னப்பன் இல்லை என்று சொல்லும்போதுதான் உடைந்துபோனான். அன்று ஹாஜிராபீ என்னைத் தனியே அழைத்து, மூலையைப் பிடித்திருந்தவன் பெயர் என்ன என்று கேட்டாள். சொன்னேன். அந்தப் பெயர் அவள் வாயில் சரியாக நுழையும்வரை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துக்கொள்ளாதே. சில வீடுகளில் எனக்குக் கதவு சாத்தினார்கள். அதில் இரண்டொன்று கடைசிவரை திறக்கவில்லை. சாயபு அதே தெருவில் வேறு வீடு பிடித்து, தோல் ஷாப்பை அதே கரையில்தான் மறுபடி கட்டினார். தண்ணீர் இல்லாமல் தோல் பதனிட முடியாதென்றார். சேரிக் குடிசைகளும் அதே மணல்மேட்டில்தான் எழும்பின. மேட்டில் அவர்களுக்கு இடம் கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை. சாயபு சின்னப்பன் பெண்டாட்டிக்கு ஷாப்பில் வேலை கொடுத்தார், நிலம் கொடுக்கவில்லை. ஆற்றங்கரையில் யார் குடியிருக்கிறார்கள், ஏன் அங்கே குடியிருக்கிறார்கள் என்பதும் ஒரு தேசத்தின் பூகோளம்தான். நீ கெட்டிக்காரன்; அதை நாலாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்படி சொல்ல உனக்கு வழி தெரியும். சொல்வதற்கு முன்னால் அந்த இடத்துக்கு ஒரு தடவை போய் நின்று பார். யாரையாவது கேள். உன் வாக்கியத்துக்குள் இருக்கிறவர்கள் அதைப் படித்தால் என்ன சொல்வார்கள் என்று யோசி. அம்மா உனக்குச் சொல்ல விரும்பும் புத்திமதி இவ்வளவுதான்.

இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. வெள்ளம் வடிந்து, ஆறு பழையபடி மணலாகி, நடுவில் மட்டும் ஒரு கால்வாய் போலத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த சமயம். ஹாஜிராபீ தன் வீட்டுக்காரரிடம் ஒன்று கேட்டாளாம். நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை. என் வீட்டைக் கொண்டுபோன ஆற்றை நான் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று கேட்டாள்.  பல நாள் கழித்து சாயபு எனக்குச் சொல்லி அனுப்பினார். விடிந்தும் விடியாத நேரம், முனுசாமியின் ஆட்கள் கரையின் இரு முனையிலும் நின்று யாரையும் வரவிடாமல் மறித்துக்கொண்டார்கள். அன்றைக்கும் அவர்கள் முதுகைத்தான் காட்டி நின்றார்கள். அந்தத் தெருவிலிருந்து ஹாஜிராபீயும் மஹ்மூதாவும் மட்டும் வருவார்கள் என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு கதவாகத் திறந்தது. போர்வைக்குப் பின் போர்வையாகப் பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். என்னை உள்ளே விடாத வீட்டுப் பெண்களும் வந்தார்கள்.

மணலில் கால் வைத்ததும் பாதிப்பேர் செருப்பைக் கழற்றிவிட்டார்கள்.  ஹாஜிராபீ தண்ணீர் வரை நடந்து போய், குனிந்து ஒரு கை அள்ளி, முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே ஊற்றினாள். மஹ்மூதா கையில் பிறந்து இருபது நாள்கூட ஆகாத பெண் குழந்தை. அவள் குழந்தையைத் தோளில் சாத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். நந்தி மலை எந்தப் பக்கம் என்று கேட்டாள். நான் மேற்கே கை காட்டினேன்.

அவள் அந்தப் பக்கமாக நடக்க ஆரம்பித்தாள். கொஞ்சம் போய்த் திரும்பிவிடுவாள் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் போய்க்கொண்டே இருந்தாள். ஹாஜிராபீ கூப்பிட வாயெடுத்தவள், கூப்பிடவில்லை. வெளிச்சம் வந்துவிட்டது, கிளம்ப வேண்டும் என்று முனுசாமி தூரத்தில் நின்று முதுகைக் காட்டியபடியே குரல் கொடுத்தான். அதற்குப் பிறகும் வெகு நேரம் அவளை யாரும் கூப்பிடவில்லை.

உன் அம்மா